பீலித் தண்ணீருக்கு யார் காசு கொடுப்பது?

ஜூலை பிறந்தால் ஊவா மலைகளில் கச்சான் காற்று இறங்கிவிடும். செப்டெம்பர் வரை அது ஓயாது. தேயிலைக்கு இது நல்ல காலம். ஈரமற்ற அந்தக் காற்று பட்ட கொழுந்தில்தான் ஊவாத் தேயிலைக்கே உரிய வாசம் ஏறுகிறது. கொழும்பு ஏலத்தில் அதற்குத் தனி மதிப்பு. லயத்துக்கு இதே மாதங்கள் தண்ணீர்க் கஷ்டக் காலம். ஒரே தோட்டத்தில் ஒரு டிவிசனில் பீலி மணிக்கட்டு மொத்தத்துக்கு விழும். அடுத்த டிவிசனில் குடத்தை வைத்துவிட்டுப் போய், அடுப்பு மூட்டி, பிள்ளைக்குத் தலைசீவி விட்டு வந்தாலும் குடம் பாதிதான் நிறைந்திருக்கும். இரண்டு இடத்துக்கும் பெய்த மழை ஒன்றுதான். அண்ணாந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும்: முதல் பீலிக்கு மேலே மலையுச்சியில் பழைய காடு நிற்கிறது, இரண்டாவதற்கு மேலே மானாப்புல் எரிந்த மொட்டைச் சரிவு, அல்லது தொழிற்சாலை விறகுக்காக நட்ட யூகலிப்டஸ்.

மழையே இல்லாத நாளில் முதல் பீலிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அந்தக் காடு அழியாமல் நிற்பதற்கு ஆகும் செலவை யார் கொடுக்கிறார்கள்? முதலாவது நீரியல் கேள்வி, இரண்டாவது காசுக் கேள்வி. காப்புக்காடுகளுக்கு நிலைபேறான நிதி வேண்டும் என்று மாநாடுகளில் பேசப்படுவது இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான். முதல் கேள்வியை விளங்கிக்கொள்ளாமல் இரண்டாவதற்குப் பதில் சொல்ல முடியாது.

மழைத்துளி மண்ணில் விழுந்ததும் அதற்கு இரண்டு வழி. மேற்பரப்பிலேயே ஓடி ஓடையில் சேரலாம், அல்லது மண்ணுக்குள் இறங்கலாம். உள்ளே இறங்குவதை ஊடுவடிதல் என்கிறோம். காட்டுத் தரையில் உதிர்ந்த சருகு, மட்கிய மண், வேர் அழுகிப்போன பிறகு மிஞ்சும் குழல்கள், மண்புழுத் துளைகள் எல்லாம் சேர்ந்து நீரை உள்ளே விடுகின்றன. உள்ளே போன நீர் மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும் மெதுவாக நகர்ந்து, மாதங்கள் கழித்துச் சரிவின் கீழே ஊற்றாக வெளிவருகிறது. பீலியில் ஓகஸ்டில் விழுவது பெரும்பாலும் வடகீழ்ப் பருவத்தில் பெய்த மழை. மொட்டைச் சரிவில் மழைத்துளி மண்ணை அடித்து இறுக்கி, நுண்துளைகளை அடைத்துவிடும். அங்கே மார்கழி மழையெல்லாம் மார்கழியிலேயே மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடுகிறது. தைக்குப் பிறகு கொடுக்க அந்தச் சரிவிடம் ஒன்றும் இருக்காது.

உயரம் கூடக் கூட இன்னொரு வரவும் சேர்கிறது. ஹோர்ட்டன் சமவெளியின் விளிம்பில், ஒஹிய பக்கத்தில், மேகம் காட்டுக்குள்ளே புகுந்து நடக்கும். இலைகளிலும் கிளையைப் போர்த்திய பாசியிலும் அந்த மேகத்தின் நுண்துளிகள் ஒட்டி, திரண்டு, சொட்டுகின்றன. இதை மூடுபனி நீர் என்று சொல்லலாம். இதை அளப்பது எளிது. வெட்டவெளியில் ஒரு மழைமானி, மரத்தடியில் ஒரு நீளத் தொட்டி வைக்க வேண்டும். மேகம் மட்டும் வந்துபோன நாளில் வெளியே இருக்கும் மானி பூச்சியம் காட்டும். மரத்தடித் தொட்டியில் தண்ணீர் இருக்கும். அந்த நீர் மரம் இல்லாவிட்டால் மண்ணுக்கு வந்தே இருக்காது.

இதிலிருந்து, மரம் நட்டால் தண்ணீர் பெருகும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இந்த இடத்தில் நம் ஊர்ப் பேச்சும் பல மரநடுகைத் திட்டங்களும் தடம் மாறிப் போகின்றன. மரமும் தண்ணீர் குடிக்கிறது. எந்த மரம், எந்த மண், முன்பு அங்கே என்ன இருந்தது என்பதைப் பொறுத்தே கணக்கு மாறும். இதைக் கண்டறிய நீரியலாளர்கள் இரட்டை நீரேந்து ஆய்வு என்ற முறையைக் கையாள்கிறார்கள். அருகருகே, ஒரே மாதிரியான இரண்டு சிறு பள்ளத்தாக்குகளைத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டின் ஓடைக்கும் குறுக்கே சிறு தடுப்புக் கட்டி, அதில் செவ்வகமாகவோ முக்கோணமாகவோ ஒரு வெட்டு வைத்து, அதன் வழியே போகும் நீரின் உயரத்தைச் சில ஆண்டுகள் பதிவார்கள். பிறகு ஒன்றை மட்டும் மாற்றுவார்கள், மற்றதை அப்படியே விடுவார்கள். மழை இரண்டுக்கும் பொது என்பதால், பிறகு தோன்றும் வித்தியாசம் அந்த மாற்றத்தால் வந்தது.

நமக்குப் பயன்படும் இத்தகைய ஆய்வு ஒன்று நீலகிரியில், கிளென்மார்கனில் நடந்தது. உதகமண்டலத்து மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் இரண்டு புல்வெளிப் பள்ளத்தாக்குகளைப் பல ஆண்டுகள் அளந்தார்கள். 1972இல் ஒன்றில் மட்டும் நீல யூகலிப்டஸ் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் அதன் நீரோட்டம் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய மரம் மறுபடி தழைத்த இரண்டாவது சுற்றில் குறைவு 25 சதவீதத்தை எட்டியது. நீலகிரிப் புல்வெளி நம் ஊவாப் பத்தனைப் புல்வெளிக்கு நெருங்கிய உறவு. அதனால் இந்த எண்கள் நமக்கும் எச்சரிக்கை. பத்தனையில் பைனும் யூகலிப்டஸும் நட்டுவிட்டு அதை நீர்வளப் பாதுகாப்பு என்று கணக்கெழுதக் கூடாது. காக்க வேண்டியது பழைய மலைக்காட்டையும் பழைய புல்வெளியையும். கேடுற்ற சரிவில் அவற்றின் சொந்தச் செடிகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

பழைய காடு உச்சிகளில் இன்னும் நிற்பதற்கு ஒரு காரணம் பழையது. க்யூ தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஜோசப் ஹூக்கர், 5000 அடிக்கு மேலுள்ள மலைக்காடுகளைத் தொடாமல் விடவேண்டும் என்று ஆலோசனை சொன்னார். 1873இல் அது நிர்வாக ஆணையாயிற்று. அந்த உயரத்துக்குக் கீழே நம் பாட்டன் பூட்டன்மார் காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட வைக்கப்பட்டார்கள். ஹோர்ட்டன் சமவெளி 1969இல் சரணாலயமாகவும், 1988இல் தேசிய பூங்காவாகவும் ஆனது. 2010இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியபோது அதுவும் சேர்ந்தது. அதற்கும் கிழக்கே, ஹப்புத்தளைக்கும் இதல்கசின்னைக்கும் இடையிலான மலைமுதுகில், அடிஷாம் மடத்தை ஒட்டி, தங்கமலைச் சரணாலயம் இருக்கிறது. 1938இல் அறிவிக்கப்பட்டது, சுமார் 130 ஹெக்டேர்தான். பரப்பு சிறிதானாலும் அதன் இருப்பிடம் முக்கியமானது. அந்த முதுகுக்கு வடக்கே விழும் மழை மகாவலியைத் தேடிப் போகிறது, தெற்கே விழுவது வளவை கங்கையை.

ஒரு காட்டை வரைபடத்தில் வட்டமிட்டு வர்த்தமானியில் அறிவிக்க ஒருநாள் போதும். அதற்குப் பிறகு அதைக் காக்க ஒவ்வொரு ஆண்டும் செலவு இருக்கிறது. எல்லைக் கல் பார்க்க வேண்டும். கச்சானுக்கு முன்பே தீத்தடுப்புக் கோடு வெட்ட வேண்டும். ஹோர்ட்டன் சமவெளியில் உலெக்ஸ் போன்ற அந்நியச் செடி பரவினால் வேரோடு பிடுங்க வேண்டும், அடுத்த ஆண்டும் பிடுங்க வேண்டும். காவலருக்குச் சம்பளம், சப்பாத்து, வண்டிக்கு டீசல் எல்லாம் வேண்டும். இவை மீண்டெழும் செலவுகள். கட்டடம், வாகனம், வேலி போன்றவை மூலதனச் செலவுகள். உலகெங்கும் காப்புக்காடுகளின் நோய் இந்த இரண்டின் பொருத்தமின்மையில்தான் இருக்கிறது. உதவி நிறுவனங்கள் மூலதனச் செலவுக்குத் தாராளமாகக் கொடுக்கும். திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு. 2016இல் உலக வங்கி இலங்கையின் சூழற்றொகுதிப் பாதுகாப்புக்கென 45 மில்லியன் டொலர் திட்டத்தை அங்கீகரித்தது. எத்தனை நல்ல திட்டமானாலும் அது முடிந்த மறுநாள் வண்டிக்கு டீசல் அடிக்கத் திறைசேரியைத்தான் பார்க்க வேண்டும். அங்கே காசு இல்லாதபோது காடு காகிதத்தில் மட்டும் காப்புக்காடாக இருக்கும்.

நுழைவுச்சீட்டுக் காசு இருக்கிறதே என்று கேட்கலாம். யாலவும் உடவளவையும் ஹோர்ட்டன் சமவெளியும் அதைச் சம்பாதிக்கின்றன; வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம், நமக்கு மிகக் குறைந்த கட்டணம். ஆனால் அந்த வரவு எவ்வளவு ஆடும் என்பதைச் சுற்றுலாப் பயணிகள் வருகையே காட்டுகிறது. 2018இல் இலங்கைக்கு 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நடந்த 2019இல் அது 19 லட்சமானது. கொவிட் வந்த 2020இல் 5 லட்சம், 2021இல் 2 லட்சத்துக்கும் குறைவு. 2024இல்தான் மறுபடி 20 லட்சத்தைத் தாண்டியது. வருகை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போன ஆண்டிலும் யானையும் காட்டுத்தீயும் வேட்டைக்காரரும் விடுமுறை எடுக்கவில்லை. சீட்டை மட்டும் நம்பியிருக்கும் பூங்கா, காவல் மிகத் தேவைப்படும் வேளையில் கையில் காசின்றி நிற்கும்.

இதைவிட ஆழமான குறை ஒன்றும் உண்டு. பொருளியலாளர்கள் பயன்களை இரண்டாகப் பிரிப்பார்கள்: காசு கொடாதவரைத் தடுக்க முடிகிற பயன், தடுக்க முடியாத பயன். சிறுத்தையைப் பார்ப்பது முதல் வகை. அதற்கு வாசலும் சீட்டும் வைக்கலாம். ஊற்று நீர் இரண்டாவது வகை. அது மலையிறங்கி யார் வயலுக்கும் போகும், எந்த வாசலிலும் நின்று சீட்டு வாங்காது. ஆகவே சிறுத்தையும் யானையும் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குக் காசு வருகிறது. தண்ணீரை மட்டும் தரும் தங்கமலை போன்ற காட்டுக்கு வருவதில்லை.

ஊவாவின் தாழ்நிலத்தைப் பார்த்தால் இந்த முரண் இன்னும் துலங்கும். கல்லோயா தேசிய பூங்கா 1954இல் அறிவிக்கப்பட்டது சேனாநாயக்க சமுத்திரத்தின் நீரேந்துப் பிரதேசத்தைக் காக்க. உடவளவைப் பூங்கா 1972இல் வந்தது, நீர்த்தேக்கத்தால் இடம்பெயர்ந்த விலங்குகளுக்குப் புகலிடமாகவும் அந்த நீர்த்தேக்கத்தின் காப்பாகவும். மாதுறு ஓயா 1983, லுணுகம்வெஹர 1995. இவற்றுக்கும் பின்னால் நீர்த்தேக்கம் உண்டு. காட்டைக் காப்பதற்கே தண்ணீர்தான் காரணம் என்று அரசு தானே எழுதி வைத்திருக்கிறது. காசு மட்டும் யானையிடமிருந்து எதிர்பார்க்கப்படுகிறது. வளவையின் சமனலவெவ மின்நிலையம் 120 மெகாவாட், 2024 ஏப்ரலில் திறந்த உமா ஓயாத் திட்டமும் 120 மெகாவாட். இரண்டும் நம் மலைகளிலிருந்து இறங்கும் நீரில் ஓடுகின்றன. நம் மின்பட்டியலிலோ தண்ணீர்ப் பட்டியலிலோ காட்டுக்கென்று ஒரு வரி கிடையாது.

நிலத்தடி நீரின் பெறுமதி பண்டாரவளைக்காரருக்குப் புத்தகம் படித்துத் தெரியவேண்டியதில்லை. 2014 டிசெம்பரில் உமா ஓயாச் சுரங்கம் குடைந்தபோது பாறை வெடிப்பு வழியாக நீர் சுரங்கத்துக்குள் பீறிட்டது. மேலே கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் பிளந்தன. அதற்கு முன்னால் எந்தக் கணக்கிலும் இல்லாதிருந்த தண்ணீருக்கு அதன்பின் நட்டஈட்டுப் படிவத்தில் ஒரு தொகை எழுதப்பட்டது. தண்ணீர் போன பிறகு விலை போட முடிகிறது என்றால், இருக்கும்போது அதற்குக் கட்டணம் போட முடியாது என்பது நியாயமில்லை.

வேறு நாடுகள் போட்டிருக்கின்றன. கொஸ்தாரிக்கா 1996இல் காட்டுச் சட்டம் இயற்றி, எரிபொருள் வரியில் ஒரு பங்கை எடுத்து, காட்டை வைத்திருப்போருக்குக் கொடுக்கத் தொடங்கியது. இதற்குச் சூழல்சேவைக் கட்டணம் என்று பெயர் வைக்கலாம். நம் நிலைமைக்கு இன்னும் நெருங்கியது எக்குவடோரின் தலைநகர் கீட்டோ. அந்நகரின் குடிநீர் அந்தீஸ் மலையுச்சிப் புல்வெளிகளிலிருந்து வருகிறது. 2000இல் அங்கே நீர்ப் பாதுகாப்பு நிதியம் ஒன்றை நிறுவினார்கள். நகரக் குடிநீர் நிறுவனம் தன் விற்பனை வரவில் 2 சதவீதத்தை அதற்குக் கொடுக்க நகராட்சிச் சட்டம் வந்தது. அந்தப் புல்வெளிகளைக் காக்க மலைக் கிராமத்தாரையே சம்பளத்துக்கு அமர்த்தியிருக்கிறார்கள். தீ எந்தச் சரிவில் எந்த மாதம் பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்படிச் சேரும் பணத்தை வைத்திருப்பதிலும் ஒரு கலை உண்டு. லயத்துக்குப் பின்னால் கறவை மாடு வைத்திருக்கும் குடும்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். பாலை மட்டும் விற்று, மாட்டைத் தொடாமல் வைத்திருப்பது ஒரு வழி. நிதியத்தில் இதை நிலைமுதல் நிதி எனலாம்: முதல் அப்படியே இருக்கும், வருமானம் மட்டும் செலவாகும். 1992இல் தொடங்கிய பூட்டானின் சூழல் பாதுகாப்பு நிதியம் இந்த வகை. மாட்டை விற்று, வந்த காசைப் பத்து வருடத்துக்குப் பங்கிட்டுச் செலவழிப்பது இரண்டாவது வழி. அது கரைமுதல் நிதி. ஆண்டுதோறும் ஒரு கன்று வெளியிலிருந்து வந்து சேர்ந்துகொண்டே இருப்பது மூன்றாவது, அது சுழல்நிதி. கீட்டோவில் முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்திருக்கின்றன. பாலை மட்டும் விற்றாலும் மாட்டுக்குத் தீனி போடத்தான் வேண்டும்; விலைவாசி ஏறும்போது முதலும் அப்படித்தான். 2022இன் ஆரம்பத்தில் டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது. சில மாதங்களில் 360ஐத் தொட்டது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. முழுதையும் ரூபாக் கடன்பத்திரத்தில் வைத்த நிதியம் ஒன்று அப்போது இருந்திருந்தால், முதலைத் தொடாமலே அதன் வாங்கும் வலு ஏறக்குறைய பாதியாகியிருக்கும். ஆகவே வருமானத்தில் ஒரு பகுதியை முதலோடு சேர்ப்பதும், எல்லாவற்றையும் ஒரே நாணயத்தில் வைக்காதிருப்பதும் விதியாகவே எழுதப்பட வேண்டும்.

கட்டணம் கொடுத்தால் காடு காக்கப்படும் என்பதையும் சோதித்துத்தான் நம்ப வேண்டும். கொஸ்தாரிக்காவின் முதல் ஆண்டுகளை ஆராய்ந்தவர்கள் சங்கடமான ஒன்றைக் கண்டார்கள். பணம் பெற்ற காடுகளில் பல, செங்குத்தான சரிவிலும் தூர இடத்திலும் இருந்தவை; பணம் கொடுக்காவிட்டாலும் யாரும் வெட்டியிருக்க மாட்டார்கள். நீலகிரிப் பள்ளத்தாக்குகளின் பாடம் இங்கேயும் செல்லும்: கொடுத்த இடத்தையும் கொடாத இடத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும், தொடங்கும் முன்பே அளவு எடுத்திருக்க வேண்டும். ஹப்புத்தளை மலைமுதுகிலிருந்து இறங்கும் ஓடைகளில் நாலைந்து தடுப்புக் கட்டி ஆண்டு முழுதும் நீரோட்டம் அளப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அது இல்லாமல் தொடங்கும் எந்தத் திட்டமும் பத்து ஆண்டு கழித்துத் தான் செய்தது என்ன என்று சொல்ல முடியாமல் நிற்கும்.

எனக்கு மிகக் கவலை தரும் கேள்வி, காசு யார் கைக்குப் போகும் என்பது. சூழல்சேவைக் கட்டணம் உலகெங்கும் பொதுவாகக் காணி உறுதி வைத்திருப்பவருக்குப் போகிறது. ஊவாத் தோட்டங்களின் காணி 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களோடு அரசின் கைக்கு வந்தது. 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகள் நிர்வகிக்கின்றன. அந்தத் தோட்டங்களுக்கு மேலுள்ள காட்டையொட்டி ஐந்து தலைமுறையாக வாழும் லயத்துக் குடும்பத்தில் பெரும்பாலோருக்கு வீடிருக்கும் நிலமே சொந்தமில்லை. உறுதி பார்த்துக் கட்டணம் கொடுத்தால் ஒரு பங்கு திறைசேரிக்கும் மறுபங்கு கம்பனிக்கும் போகும். விறகு பொறுக்கக் காட்டுக்குள் போகாதே என்ற தடை மட்டும் லயத்துக்கு வந்து சேரும். அது அநீதி, காட்டுக்கும் உதவாது. வாழ்வுக்கு வழியில்லாதவரைக் காவல்காரரை வைத்து விரட்டிக் காக்கும் காடு நிலைப்பது கடினம்.

கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தில் இதற்கு மாற்று வழி கண்டார்கள். காட்டுக்குள் களவாக வயணா என்ற காட்டுக் கறுவாப் பட்டை உரித்தவர்களையே 1990களின் கடைசியில் ஒரு குழுவாக்கி, பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் காட்டுக்குக் காவலாகவும் ஆக்கினார்கள். அவர்கள் வரவு அந்தக் காடு நிற்பதில் தங்கியது. 2006இல் இந்திய வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் தனி அறக்கட்டளை வைத்தார்கள். நுழைவுக் கட்டணம் அந்தந்தக் காப்பகத்திலேயே தங்கிச் செலவாக வழி பிறந்தது. ஊவாவில் சுற்றுலா ஒரு பங்குதான். மீதிக்குத் தண்ணீர்க் கட்டணமும் மின் கட்டணமும் வர வேண்டும். கொடுப்பது காணி உறுதிக்கு என்று வைக்காமல் செய்யும் வேலைக்குக் கூலி என்று வைத்தால், உறுதி இல்லாதவரும் பெறலாம். தீத்தடுப்புக் கோடு, தீக்காவல், நாற்றுமேடை, ஊற்றுக் காவல், ஓடையில் நீர் அளத்தல் எல்லாம் வேலைகளே. வனசீவராசிகள் திணைக்களமும் வனத் திணைக்களமும் மேற்பார்வை செய்யட்டும், ஆளைத் தோட்டத்திலிருந்தே எடுக்கட்டும்.

அந்தக் கூலி எந்த மாதம் வருகிறது என்பதும் அதன் அளவுக்கு ஈடாக முக்கியம். தீத்தடுப்புக் கோட்டை ஜூனுக்குள் வெட்டி முடித்தாக வேண்டும். ஜூலைக் காற்றில் மானாப்புல் காய்ந்த பிறகு மலையில் இறங்கி வெட்டுவது ஆபத்து. வருடப் பாதீட்டில் ஒதுக்கிய பணம் கோப்புக் கோப்பாகத் தாண்டி செப்டெம்பரில் வந்தால், எரிந்த சரிவில் நாற்று நடத்தான் அது உதவும். நிதியத்தின் பணம் திறைசேரிக்குள் போய்த் திரும்பாமல் மாவட்டத்திலேயே ஒரு தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு இது ஒன்றே போதிய காரணம். அந்தக் கணக்கைப் பார்க்கும் குழுவில் தோட்டத்தார் இருவராவது உட்கார வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். தண்ணீர் எந்த மாதம் எத்தனை குடம் குறைந்தது என்ற கணக்கு அவர்களிடம்தான் இருக்கிறது.